குஞ்சம்மாள் காப்புக் கட்டாத ஆண்டு

நாகப்பட்டினத்து மீன்பிடித் துறைமுகத்தில், ஏலம் முடிந்து கூடைகள் வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கை விரித்து அதன் மேல் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருப்பார் குஞ்சம்மாள். மீன் வாங்கியவர்கள் அவர் முன்னால் பையைக் கொட்டுவார்கள். அவர் செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்துவிட்டுத் துண்டு போட்டுக் கொடுப்பார். அவருடைய தொழில் அவ்வளவுதான். அத்தர் விற்கிற தொழில் அல்ல அது. மீனை ருசித்துத் தின்கிறவர்கள்கூட மீன் ஆய்கிறவரைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகிற உலகம் இது.

அந்த அம்மையார் முருகனுக்கு அடியார். விடிந்தும் விடியாமலும் துறைமுகத்துக் குழாயில் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு சிக்கல் முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று ஒரு சூடத்தைக் கொளுத்துவார். கடற்காற்றில் அது லேசில் பற்றாது. பற்றுகிற வரைக்கும் அரிவாள்மனையைத் தொடமாட்டார். அவசரக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார். கார்த்திகை பிறந்தால் தைப்பூசம் வரைக்கும் விரதம். பகலில் ஒரு வேளைச் சோறு, ராத்திரிக்கு வெறும் பால். வாயில் மீன் படாது, கையில் மட்டும் நாள் முழுக்க மீன்தான் இருக்கும். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே விரதம் இருக்கிறாளே, இவள் விரதத்தை எந்த முருகன் ஏற்பான் என்று பக்கத்துச் சாக்குக்காரிகள் கேலி பேசுவார்கள். கை செய்வது பிழைப்பு என்று அவனுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுப்பார்.

அவருக்கு நெடுநாள் பிள்ளை இல்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து மீன் ஏற்ற வரும் லாரிக்காரர் ஒருவர், எங்கள் ஊர் செம்பொட்டலில் ஒரு வேல் இருக்கிறது, தைப்பூசத்துக்கு அந்த வேலோடு பழனிக்கு நடந்தால் கேட்டது கிடைக்கும் என்று சொன்னார். கேட்டவுடன் குஞ்சம்மாள் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிறந்தால் நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் தை தவறாமல் நடந்து வருகிறேன் என்பது நேர்த்தி. பிள்ளை பிறந்தான். குமரேசன் என்று பெயர் வைத்தார். புருஷன் காலமான ஆண்டில்கூட, அந்தத் துக்கம் மாசியில் வந்து, அடுத்த தை நடைக்குள் தலைத்திவசமும் கொடுத்துத் துக்கம் கழிந்துவிட்டதால், நடை தவறவில்லை. மகன் தலையெடுத்த பிறகு பட்டுக்கோட்டை வரைக்கும் அவனே கூட வந்து, காரைக்குடி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்புவான்.

அந்த மகன் ஓர் ஐப்பசியில் இரண்டு பேரோடு பைபர் படகில் கடலுக்குப் போனான். இடையில் புயல் திரும்பியது. மற்ற இருவரும் தெற்கே ஏதோ ஒரு கரையில் ஒதுங்கி, குற்றுயிரும் குலையுயிருமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். குமரேசனை ஓர் அலை பிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின. ஊர்ப் பெரியவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வைக்கோலில் ஓர் உரு செய்து, முறைப்படி காரியத்தை முடித்துவிடலாமா என்று தாயிடம் கேட்டார்கள். பார்ப்போம் என்றார் குஞ்சம்மாள். மறுபடியும் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் அழவில்லை. மறுநாளும் சாக்கை விரித்தார், சூடம் கொளுத்தினார், மீன் ஆய்ந்தார். ஐஸில் கிடந்த மீனையே தொட்டுக்கொண்டிருந்தால் விரல்கள் மரத்துவிடும், கத்தி பட்டதுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவர் மனசு அப்படித்தான் இருந்தது. வலி உண்டா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. கார்த்திகை வந்ததும் வழக்கம்போல விரதம் தொடங்கினார். பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு இவளுக்கு விரதம் ஒரு கேடா என்று தெருவில் காதுபடவே பேசினார்கள். முன்பெல்லாம் கேலிக்கு ஒரு பதிலாவது இருக்கும். இப்போது தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த மீனை எடுத்தார்.

இங்கே செம்பொட்டல் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேல் புறப்படுகிற அன்று, நடக்கிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கப்படும். இந்த ஆண்டு வீட்டில் துக்கம் உண்டா என்பது கேள்வி. உண்டு என்றால் காப்பு இல்லை, நடையும் இல்லை. குஞ்சம்மாள் இத்தனை ஆண்டும் இல்லை என்று சொல்லிக் கையை நீட்டியவர். இந்த ஆண்டு என்ன சொல்வது? இல்லை என்றால் மகன் இருக்கிறான். உண்டு என்றால், கடலே சொல்லாத ஒன்றைப் பெற்றவள் தன் வாயால் சொல்கிறாள். நேர்த்தி மகனுக்காக நேர்ந்தது. நடை நின்றால் மகனும் நின்றுபோவான் என்று அவர் நினைத்தார். ஆகவே இல்லை என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டு, ஒரு பையில் நடைக்கு உடுத்தும் பச்சைப் புடவையை மடித்து வைத்து, வேல் புறப்படும் நாளின் விடியற்காலையில் தனியாகப் பேருந்து ஏறினார்.

வண்டியில் கூட்டம். அம்மையார் உட்கார்ந்த இருக்கையில் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை போவதில்லை. ஒருவர் உட்கார வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றபடியே பயணம் செய்தார். குஞ்சம்மாளுக்கு இதெல்லாம் பழக்கம்தான், ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டார். திருத்துறைப்பூண்டியில் ஒரு பெண், பனங்கிழங்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஏறி, நேராக வந்து அந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“எங்க வூட்டுக்காரருக்குக் கருவாட்டு யாவாரம். எனக்கு இது வூட்டு வாசனைதான். நீங்க நல்லா சாஞ்சு ஒக்காருங்கக்கா” என்றார்.

தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சைச் சோற்றை மூடியில் பாதி வைத்து நீட்டினார். விரதம் என்று குஞ்சம்மாள் சொல்ல, பகல் சோறு உண்டுதானே, அதை இப்பவே சாப்பிட்டால் சாமி ஒன்றும் சொல்லாது என்று விடாமல் கையில் திணித்தார். குஞ்சம்மாள் சாப்பிட்டார். ருசி தெரியவில்லை, ஆனாலும் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். பேச்சுவாக்கில் அந்தப் பெண் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். ஒரே மகன், கடலுக்குப் போயிருக்கிறான் என்றார் குஞ்சம்மாள். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. முத்துப்பேட்டையில் இறங்கும்போது அந்தப் பெண் ஒரு கட்டுக் கிழங்கை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“தம்பி கரைக்கு வந்தோன்ன அவிச்சுக் குடுங்க. ரொம்ப நாள் வெச்சிடாதீங்க, நாராப் போயிரும்.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கிழங்கு மடியிலேயே கிடந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த ஈர மண் புடவையில் படிந்தது. அம்மையார் தட்டிவிடவில்லை.

பட்டுக்கோட்டையில் இறங்கி நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தார். காரைக்குடி வண்டி வந்து நின்றது, கூவி அழைத்தார்கள், போய்விட்டது. அடுத்ததும் வந்து போனது. அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு தம்ளர் பாலோடு வந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். செம்பொட்டல், காரைக்குடி வண்டி என்று பதில் வந்தது.

“காரைக்குடி வண்டிதான் கண்ணு முன்னாடி போய்க்கிட்டே இருக்கேம்மா. யாருக்காவக் காத்திருக்கீங்க?”

ஏறு என்று ஒரு குரல் சொல்வதற்காகத்தான் இத்தனை நேரமும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் குஞ்சம்மாளுக்கே தெரிந்தது. இந்த பெஞ்சில் பையை வைத்துவிட்டு, ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஏறும்மா என்று சொல்கிறவன் குமரேசன். டீக்கடைக்காரர் பாலைக் குடிக்க வைத்தார். அடுத்த வண்டி வந்ததும் கொதிக்கிற பாய்லரையும் நிற்கிற ஆட்களையும் அப்படியே விட்டுவிட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார வைத்தார். பிறகு நடத்துநரிடம் போய், அந்த அம்மாவைச் செம்பொட்டலுக்குப் பாதை பிரிகிற விலக்கில் பார்த்து இறக்கிவிடுங்கள், தானாக இறங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது விலக்கில் நிற்காத வண்டி. ஆனாலும் நடத்துநர் மறக்கவில்லை. இடம் வந்ததும் விசில் ஊதி நிறுத்தி, எதற்கு இங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே, அம்மையாரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். உச்சிப் பொழுது தாண்டிவிட்டது. ஊர் உள்ளே இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் காப்புக் கட்டி முடித்து வேல் புறப்பட்டுவிடும். குஞ்சம்மாள் செம்மண் சாலையில் நடக்க ஆரம்பித்தார். அவசரப்பட வேண்டும் என்று தெரிந்தது. கால்தான் அவசரப்படவில்லை.

பின்னால் வந்த ஒரு சின்ன வேன் அவரைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. அன்னதானத்துக்கு வாழையிலைக் கட்டுகள் ஏற்றிக்கொண்டு அதே செம்பொட்டலுக்குப் போகிற வண்டி. ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கலாம். கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார். ஒரு மனிதரிடம் உதவி கேட்க வேண்டிய சிரமம்கூட அன்று முழுவதும் அந்த அம்மையாருக்கு நேரவில்லை. அதற்காக அவர் மகிழ்ந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் மகிழவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார், ஏறச் சொன்னால் ஏறினார்.

கிழங்கு யாருக்கு, வேலுக்குக் காணிக்கையா என்று ஓட்டுநர் சும்மா கேட்டார்.

“மகனுக்கு” என்றார் குஞ்சம்மாள். பிறகு, கேட்காமலே, “அவன் ஐப்பசியில கடலுக்குப் போனான் தம்பி. கூடப் போனவங்க வந்துட்டாங்க” என்றார்.

வேன் நின்றது. ஓட்டுநர் அம்மையார் பக்கம் திரும்பினார். செம்பொட்டல் வழக்கம் அவருக்கும் தெரியும். அம்மையார் எங்கே போகிறார், அங்கே என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும்.

“ஒடம்பு கெடைக்கலைல ஆத்தா? அப்பத் துக்கம் இல்லைன்னே சொல்லுங்க. யாரும் தோண்டித் துருவிக் கேக்க மாட்டாக. கேட்டா நான் சொல்றேன், எனக்குத் தெரிஞ்ச குடும்பந்தான்னு.”

சற்று முன்பு வரைக்கும் முகம் தெரியாத ஒருவருக்காக வேலின் முன்னால் நின்று பொய் சொல்ல அந்த மனிதர் தயாராக இருந்தார். இதைப் பாவம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை.

கோயில் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். அதைச் சுற்றி மதில், வாசலில் பந்தல். பச்சை உடுத்தியவர்களின் வரிசை பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டது. காப்புக் கட்டுகிறவரும் வேலைச் சுமந்து முன்னால் நடக்கிறவரும் ஒருவரே. ஆண்டியப்பன் என்று பெயர். சைக்கிள் கடைக்காரர். கறாரான ஆள். சொந்த அண்ணன் மகனுக்கே துக்கத்தைக் காரணம் சொல்லிக் காப்பு மறுத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். குஞ்சம்மாளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, இந்தத் தடவை பிந்திவிட்டீர்களே என்று சிரித்தார். மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, எல்லாரையும் கேட்பதைப் போலவே கேட்டார்.

“இந்த வருசம் வீட்ல துக்கம் ஏதும் உண்டா ஆத்தா?”

பின்னால் வேன் ஓட்டுநர் வந்து நின்றிருந்தார். குஞ்சம்மாள் கையை நீட்டியும் விட்டார். இல்லை என்கிற சொல் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் வேனில் வாய்விட்டுச் சொன்ன சொல் திரும்ப உள்ளே போக மறுத்தது. காலையிலிருந்து கண்டவர்கள் எல்லாம் அவர் சொன்னதைச் சொன்னபடியே நம்பினார்கள். ஒருத்தி, இல்லாத பிள்ளைக்குக் கிழங்கு கொடுத்துவிட்டாள். அது இனி நாராகப் போகும், அவித்துக் கொடுக்க யாரும் இல்லை. இது அவருக்குத் தெரியும். முன்பே தெரியும். மனிதர்களிடமே இனி ஒளிக்க முடியாததை முருகனிடம் எப்படி ஒளிப்பது?

“உண்டு சாமி” என்றார். “எம் மவன் குமரேசன் செத்துப் போயிட்டான்.”

அப்படி இல்லண்ணே, என்று ஓட்டுநர் குறுக்கே வந்தார். வேண்டாம் என்று அம்மையார் தலையை ஆட்டிவிட்டார். ஆண்டியப்பனின் கை அப்படியே நின்றது. அந்தப் பையனைப் பற்றி ஆண்டுதோறும் இந்த அம்மாள் சொல்லக் கேட்டவர் அவர். கண் கலங்கியது, ஆனால் கயிற்றை விரலிலிருந்து கழற்றித் தட்டில் வைத்துவிட்டார். வழக்கத்தை மாற்ற நான் யார், அடுத்த தைக்கு வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். சரி என்றார் குஞ்சம்மாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார்.

துக்கக்காரர் பந்தலுக்குள் நிற்கக் கூடாது. யாரும் சொல்லாமலே அவர் மதிலுக்கு வெளியே போனார். கிழங்குக் கட்டை ஓட்டுநரிடம் கொடுத்து, நீ கொண்டுபோய் அவித்துத் தின்னு தம்பி என்றார். அவர் அதை வாங்கிக்கொண்டார். இலைக்கட்டு இறக்கியாகிவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது, ஆனாலும் போகாமல் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார். அம்மையாருக்கு அப்போதும் அழுகை வரவில்லை. தன் மகன் இறந்ததைச் சொல்லியாகிவிட்டது. நேர்த்தியும் போயிற்று. இனி எங்கே போவது, எதற்குப் போவது என்று ஒன்றும் தோன்றவில்லை.

உறுமி முழங்கியது. அரோகரா என்று ஊரே எழுந்தது. வேல் வாசலுக்கு வருகிறது என்று தெரிந்ததும் குஞ்சம்மாள் ஒரு காரியம் செய்தார். தன் துக்கம் வேலின் மேல் பட்டுவிடக் கூடாதே என்று, மதில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பார்ப்பதற்காகவே ஊர் விட்டு ஊர் வந்தவர் பார்க்காமல் நின்றார். கூட்டம் அவர் முதுகுக்குப் பின்னால் கடந்து போயிற்று. உறுமிச் சத்தம் கண்மாய்க் கரை வரைக்கும் போய்த் தேய்ந்தது.

பிறகு அது நின்றுவிட்டது.

செம்பொட்டல் வேல் ஊர் எல்லையை நோக்கிப் புறப்பட்டால் திரும்பாது. மழை கொட்டிய ஆண்டிலும் திரும்பியதில்லை, கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தபோதும் திரும்பியதில்லை. அன்று திரும்பியது. ஆண்டியப்பனுக்கு அதுநாள் வரைக்கும் ஒரு தடவைகூட அருள் வந்ததில்லை. அருள் வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் நகைப்புகூட உண்டு. அவர்தான் இப்போது உடம்பெல்லாம் நடுங்க, தடுத்தவர்களை விலக்கிக்கொண்டு, வேலை மார்போடு அணைத்தபடி கரையிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார். மதிலோரம் வந்து அந்த முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“ஆத்தா.”

குஞ்சம்மாள் திரும்பவில்லை. என் மேல் தீட்டு இருக்கிறது சாமி, தள்ளிப் போங்கள் என்று முந்தானைக்குள்ளிருந்தே சொன்னார்.

“நீ நடக்க வேணாம் ஆத்தா. நான் வந்துட்டேன்.”

அம்மையார் திரும்பினார். வேல் அவருடைய இரண்டு கைகளிலும் கிடத்தப்பட்டது. குளிர்ந்த, கனமான வேல். பெற்ற அன்று பிள்ளையைக் கையில் கொடுத்தால் எப்படி ஏந்துவார்களோ அப்படி ஏந்திக்கொண்டார். ஐப்பசியிலிருந்து உள்ளே கிடந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. மகனே, மகனே என்று அந்த அம்மாள் அழுத அழுகையைக் கேட்டு, கரை மேல் நின்றவர்களும் அழுதார்கள். யாரும் வேலைத் திருப்பிக் கேட்கவில்லை. அழுது முடிகிற வரைக்கும் அது அவரிடமே இருந்தது.

பிறகு அவராகவே அதை ஆண்டியப்பனிடம் கொடுத்தார். ஆண்டியப்பன் தூக்கத்திலிருந்து எழுந்தவரைப் போலச் சுற்றிலும் பார்த்து, நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று கேட்டார். சொன்னார்கள். சொல்லக் கேட்டு அந்தக் கறாரான மனிதர் மீன் ஆய்கிற அம்மையாரின் காலில் விழுந்தார். வேல் பழனிக்குப் போயிற்று. குஞ்சம்மாள் போகவில்லை. வேன் ஓட்டுநர் அவரை நாகப்பட்டினத்து வண்டியில் ஏற்றிவிடும் வரைக்கும் கூடவே இருந்தார். ஊர் சேர்ந்ததும் அம்மையார் பெரியவர்களை அழைத்து, காரியத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். கடற்கரையில் வைக்கோல் உரு எரியும்போது நன்றாக அழுதார்.

கிழங்கு கொடுத்த பெண், பால் கொடுத்த கடைக்காரர், வண்டியை நிறுத்திய நடத்துநர், பொய் சொல்லத் துணிந்த ஓட்டுநர் என்று அந்த நால்வரின் பெயரையும் குஞ்சம்மாள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்று பின்னாளில் சொல்லிச் சொல்லி வருந்துவார். வேலே தேடி வந்த அந்த அம்மையாரை வணங்குகிறவர்கள் இந்த நால்வரையும் சேர்த்து வணங்குவது நல்லது. தன்னை மட்டும் வணங்கினால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.